மானியப் பட்டியலை ஊர் கூடிப் படித்தபோது

நிலமுள்ள விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிரதமரின் கிசான் உதவித்தொகை யார் யாருக்குப் போகிறது என்பதை இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற செய்தி, எங்கள் ஊரில் பலருக்கு 2020 செப்டம்பரில்தான் தெரிய வந்தது. அதுவும் நல்ல விதமாகத் தெரியவில்லை. கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி, திருவண்ணாமலை உள்ளிட்ட 13 மாவட்டங்களில் தகுதியில்லாதவர்களை அந்தத் திட்டத்தில் சேர்த்துப் பணம் எடுத்திருக்கிறார்கள் என்று செய்தித்தாள்களில் வந்த பிறகு, "நம்ம ஊர்ப் பெயரைப் போட்டுப் பார்க்க முடியுமாமே" என்று ஒவ்வொருவராகக் கேட்கத் தொடங்கினார்கள். அப்போது வேளாண்மைத் துறைச் செயலராக இருந்த ககன்தீப் சிங் பேடி, மாநிலம் முழுவதும் சுமார் 5.5 லட்சம் பேர் தவறாகச் சேர்க்கப்பட்டிருப்பதாகவும், சுமார் 110 கோடி ரூபாய் போய்விட்டதாகவும் அறிவித்தார். 2004ஆம் ஆண்டு சுனாமியின்போது எங்கள் கடலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தவர் என்பதால், அவர் சொன்ன எண்ணிக்கையை எங்கள் பக்கத்தில் யாரும் சந்தேகப்படவில்லை.

நான் குறிஞ்சிப்பாடி வட்டத்தில், பெருமாள் ஏரிப் பாசனத்தில் நெல்லும் மேட்டு நிலத்தில் மணிலாவும் (நிலக்கடலை) பயிரிடுகிறவன். அந்த ஆண்டிலிருந்து நாங்கள் சிலர் சேர்ந்து, எங்கள் கிராமத்துக்கும், சில கிராமங்கள் சேர்ந்த எங்கள் குறுவட்டத்துக்கும் வந்த வேளாண் மானியங்களின் பயனாளிகள் பட்டியல்களைத் தேடி வாங்கிப் படித்து வருகிறோம். சங்கம் என்றோ இயக்கம் என்றோ எங்களுக்குப் பெயர் எதுவும் கிடையாது. இந்தப் பழக்கத்தில் நாங்கள் கற்றுக்கொண்டவற்றை, இதே வேலையைத் தங்கள் ஊரில் செய்ய நினைக்கும் விவசாயிகளுக்காக எழுதுகிறேன்.

கிசான் திட்டத்தின் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கிராமத்தின் பயனாளிகள் பெயர்கள் வந்துவிடும். ஆனால் பெயரைத் தாண்டி அதில் அதிகம் இருப்பதில்லை. அந்தப் பெயரும் ஆங்கில எழுத்தில், முதலெழுத்து முன்னும் பின்னுமாக மாறி, சில இடங்களில் உச்சரிக்கவே முடியாதபடி இருக்கும். ஒரே தெருவில் ஒரே பெயரில் நான்கு பேர் வாழும் ஊரில், தனியாக உட்கார்ந்து கைப்பேசியில் பார்த்தால் யார் யார் என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஆகவே நாங்கள் பட்டியலைத் தாளில் அச்செடுத்து, ஓய்வுபெற்ற தலையாரி (கிராம உதவியாளர்) ஒருவரைக் களத்துமேட்டுக்கு அழைத்து வந்து உட்கார வைத்தோம். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் ஒவ்வொரு பெயராக வாசித்தான். தலையாரி கண்ணை மூடிக்கொண்டு, "இவரு மேலத்தெரு, ஓடைக்கு வடக்கால அரை ஏக்கர் இருக்குது", "இந்தப் பேர்ல நம்ம ஊர்ல நெலம் கெடையாது தம்பி, அவங்க தைக்கிறவங்க", "இவரு தவறிப்போயி ரெண்டு வருசம் ஆச்சு, எழுதிக்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்தக் கணினியாலும் செய்ய முடியாத சரிபார்ப்பை, நிலத்தை நடந்து அளந்த ஒரு மனிதர் ஒரு பிற்பகலில் செய்து முடித்தார்.

அன்று எல்லோரும் எதிர்பார்த்து வந்தது திருட்டுப் பெயர்களைத்தான். அவையும் கிடைத்தன. ஆனால் பாதி வழியில் தலையாரியே வாசிப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, "இருக்கிறவங்களையே படிக்கிறீங்களே, கீழத்தெரு பெரியம்மா பேரு எங்க?" என்று கேட்டார். அதன் பிறகுதான் வாக்காளர் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நிலம் இருந்தும் பெயர் இல்லாதவர்களைத் தனித் தாளில் எழுதத் தொடங்கினோம். எங்கள் ஊரைப் பொறுத்தவரை அந்தத் தாள்தான் நீளமாக இருந்தது. பயனாளிகள் பட்டியல் என்றாலே ஏமாற்றுக்காரரைப் பிடிக்கும் கருவி என்று நினைப்பது பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகள் உண்டாக்கிய பழக்கம். விடுபட்டவரைக் கண்டுபிடிக்கத்தான் அது அதிகம் பயன்படுகிறது என்பது என் முடிவு. ஏமாற்றுக்காரரைத் தேடினால் ஊரில் பகை வளரும். விடுபட்டவரைத் தேடினால் பட்டியலைப் படிக்க ஊரே வந்து உட்காரும்.

விடுபட்டதற்கான காரணங்கள் பெரும்பாலும் நிலப் பதிவேட்டில்தான் இருந்தன. அந்தப் பெரியம்மாவின் கணவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியும் பட்டா அவர் பெயரிலேயே இருந்தது. வாரிசுச் சான்று வாங்கிப் பட்டா மாற்றினால் ஒழிய எந்த மானியமும் அவரை எட்டாது. கிசான் திட்டத்தில் 2019 பிப்ரவரி 1ஆம் தேதி நிலவரப்படி நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவரே தகுதியானவர் என்பது பொது விதி. ஆனால் உரிமையாளர் இறந்து வாரிசுக்கு வரும் நிலத்துக்கு அந்தத் தேதி தடையில்லை. இந்த விலக்கு இருப்பது தெரியாமல், "தேதி முடிந்துவிட்டது" என்ற ஒரே பதிலைக் கேட்டுத் திரும்பிய விதவைகள் எங்கள் குறுவட்டத்தில் பலர். அடுத்தது கூட்டுப் பட்டா. அண்ணன் தம்பி ஐந்து பேர் பெயரும் ஒரே பட்டாவில் இருந்து, அவரவர் பங்கைத் தனி எண்ணாகப் பிரித்து உட்பிரிவு செய்யாமல் விட்டிருந்தால், முதலில் பதிவு செய்தவருக்குப் பணம் வரும், மற்றவர்கள் அலைவார்கள். சர்வேயருக்கு மனுக் கொடுத்து உட்பிரிவு செய்துகொள்வதுதான் நிரந்தரத் தீர்வு. விண்ணப்பத்தைத் தூக்கிக்கொண்டு வேளாண்மை அலுவலகத்துக்கு நடப்பதற்கு முன், நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டாவை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது.

திருட்டுப் பெயர்கள் என்று சொன்னேன் அல்லவா, அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தையல் வேலை செய்பவர், கொத்தனார், வெளியூரில் படிக்கும் பெண் என்று நிலமில்லாத பலரின் பெயர்கள் அதில் இருந்தன. விசாரித்தால், "கொரோனா உதவிப் பணம் வருது, ஆதாரும் பேங்க் புத்தகமும் குடுங்க" என்று யாரோ கேட்டு வாங்கிப் போயிருக்கிறார்கள். வந்த பணத்தில் ஒரு பங்கும் அப்படி வாங்கிப் போனவர்களுக்கே போயிருக்கிறது. அலுவலகங்களின் கடவுச்சொற்கள் வெளியாட்கள் கைக்குப் போனதால்தான் இத்தனை பேர் ஏற்றப்பட்டார்கள் என்று அரசே சொன்னது. ஒப்பந்தப் பணியாளர்கள் நீக்கப்பட்டார்கள். வழக்கு சிபிசிஐடியிடம் போனது. ஆனால் ஊரில் நடந்தது என்னவென்றால், கணக்கு முடக்கப்பட்டதும் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லப்பட்டதும் அந்தக் கொத்தனாரும் தையல்காரரும்தான். பங்கு வாங்கியவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. பெற்றவரின் பெயரை மட்டும் வெளியிட்டு, அந்த விண்ணப்பத்தை ஏற்றியது எந்த மையம், அனுமதித்தது எந்த அலுவலர் என்பதை வெளியிடாத பட்டியல் அரைகுறைப் பட்டியல்தான். இதை ஒவ்வொரு விவசாயிகள் குறைதீர் கூட்டத்திலும் எழுதிக் கொடுக்கிறோம்; இதுவரை பதில் வந்ததில்லை.

கிசான் திட்டத்துக்காவது கிராமவாரியாகப் பட்டியல் இருக்கிறது. சொட்டுநீர்ப் பாசனம், பவர் டில்லர், தார்ப்பாய், கைத்தெளிப்பான், ஜிப்சம், விதை என்று வேளாண்மை, தோட்டக்கலை, வேளாண் பொறியியல் துறைகள் வழங்கும் மானியங்களில், நம் கிராமத்தில் யார் என்ன பெற்றார் என்பதை அவ்வளவு எளிதாகப் பார்த்துவிட முடியாது. மாநில அரசின் உழவன் செயலியில் பதிவு செய்யலாம், தன் விண்ணப்பத்தின் நிலையைப் பார்க்கலாம். பக்கத்து வயல்காரருக்கு எவ்வளவு கிடைத்தது என்பது அதில் வராது. இவற்றின் தொகையும் சிறியதில்லை. நுண்ணீர்ப் பாசனத்தில் ஐந்து ஏக்கர் வரை உள்ள சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம். இயந்திரங்களுக்குப் பொதுவாக 40 சதவீதம், சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம். நிலம் ஒருவருக்கு ஐந்து ஏக்கருக்குமேல் இருந்தும் சிறு விவசாயி சான்று எப்படிக் கிடைத்தது என்பதெல்லாம் பட்டியல் வெளியே வந்தால்தான் கேள்வியாகும்.

இந்தப் பட்டியல்களைப் பெற நாங்கள் பயன்படுத்துவது 2005ஆம் ஆண்டின் தகவல் பெறும் உரிமைச் சட்டம். பலர் அறியாதது, அதன் 4(1)(பி) பிரிவின் 12ஆம் கூறு. மானியத் திட்டங்கள் நிறைவேற்றப்படும் முறையையும், ஒதுக்கிய தொகையையும், பயனாளிகளின் விவரங்களையும் யாரும் கேட்காமலே ஒவ்வொரு அலுவலகமும் வெளியிட வேண்டும் என்று அது சொல்கிறது. ஆகவே மனுவின் முதல் வரியிலேயே, "தாங்கள் தாமாகவே வெளியிட வேண்டிய விவரத்தை வெளியிடாததால் கேட்கிறேன்" என்று இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு எழுதுகிறோம். அப்படி எழுதிய மனுக்களுக்கும் வெறுமனே "பட்டியல் தரவும்" என்று எழுதிய மனுக்களுக்கும் வந்த பதில்களில் நல்ல வேறுபாடு இருந்தது.

மனு எழுதுவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ஏன் எனக்குத் தரவில்லை, எதற்காக அவருக்குத் தந்தீர்கள் என்ற கேள்விகளுக்குச் சட்டப்படி அவர்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. அது தகவல் இல்லை, விளக்கம். அதற்குப் பதிலாக, விண்ணப்பங்கள் வந்த வரிசையைக் காட்டும் மூப்புப் பதிவேட்டின் நகல் வேண்டும், கள ஆய்வு அறிக்கையின் நகல் வேண்டும் என்று ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். திட்டத்தின் பெயர், நிதியாண்டு, வருவாய்க் கிராமம் இந்த மூன்றையும் குறிப்பிட்டால், "தகவல் பரந்துபட்டது, தொகுக்க இயலாது" என்று திருப்பி அனுப்ப முடியாது. பெயர், கிராமம், சர்வே எண், பரப்பு, பொருள், மானியத் தொகை, வழங்கிய நாள், பொருள் வழங்கிய நிறுவனம் ஆகியவற்றைக் கேளுங்கள். ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைப்பேசி எண் ஆகியவற்றைக் கேட்காதீர்கள்; நமக்கு அவை தேவையே இல்லை, கேட்டால் மனு முழுவதையும் மறுக்க நாமே காரணம் கொடுத்ததாகிவிடும். கட்டணம் 10 ரூபாய். நீதிமன்றக் கட்டண வில்லையாக ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு, அதற்கும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம், பாகூர் கொம்யூனில் நிலம் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க: புதுச்சேரிக்கெனத் தனித் தகவல் ஆணையம் இல்லாததால் உங்கள் இரண்டாம் மேல்முறையீடு டெல்லியிலுள்ள மத்தியத் தகவல் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். சென்னைக்கு அனுப்பினால் காலம்தான் வீணாகும்.

நகல் கேட்பதைவிட நேரில் ஆவணங்களைப் பார்வையிடுவது எவ்வளவோ மேல். சட்டமே அந்த உரிமையைத் தருகிறது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணமும் இல்லை. அலுவலகத்தில் பழைய தடிமன் பதிவேட்டைப் பிரித்து வைக்கும்போது, நகலில் தெரியாதவை தெரியும்: கள ஆய்வு நாள் காலியாக இருப்பது, பொருள் பெற்றதற்கான கையொப்பத்தில் கைநாட்டும் கையெழுத்தும் ஒரே பெயருக்கு இரண்டு விதமாக இருப்பது, ஒரே நாளில் ஒரே நிறுவனத்தின் பில் வரிசை எண்கள் அடுத்தடுத்து வருவது. ஒன்றையும் சொல்ல வேண்டும். பதிவேட்டை எடுத்துக் கொடுக்கும் எழுத்தர் நம் எதிரி இல்லை. எங்களுக்கு உதவிய விவரங்களில் பாதி, "சார், அந்தக் கட்டையும் பாத்துடுங்க" என்று அவர்கள் போகிறபோக்கில் சொன்னவை.

அப்படிப் பார்த்த ஒரு சொட்டுநீர்ப் பாசனப் பட்டியலில், எங்கள் பக்கத்து ஊரின் ஒரு சர்வே எண் இருந்தது. அந்த எண்ணுக்குரிய இடத்துக்குப் போய்ப் பார்த்தால், வரிசையாக வண்ணம் பூசிய மனைக்கற்கள், நடுவில் சாலைக்கு விட்ட செம்மண் பாதை, ஓரத்தில் கருவேல முள். பயிரும் இல்லை, குழாயும் இல்லை. உடன் வந்த இளைஞர் அங்கேயே படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடலாம் என்றார். நான் வேண்டாம் என்று சொல்லி, அந்த விண்ணப்பத்தின் புல வரைபடத்தையும், எந்த நிலத்தில் யார் என்ன பயிரிடுகிறார் என்ற பதிவேடான அடங்கலையும் முதலில் வாங்கிப் பார்க்கலாம் என்றேன். வாங்கிப் பார்த்தபோது உட்பிரிவு 3 என்பது 8 என்று தட்டச்சாகியிருந்தது. உண்மையான நிலத்தில் கத்தரியும் மிளகாயும் சொட்டுநீரில் நன்றாகவே நின்றன. அந்த விவசாயி யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்காமல் ஓராண்டுக்குமேல் காத்திருந்து அந்த மானியத்தைப் பெற்றவர். படம் குழுவில் போயிருந்தால், அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள்வரை அது பேசப்பட்டிருக்கும். அன்றிலிருந்து, சம்பந்தப்பட்டவர் வீட்டுக்குப் போய்க் கேட்காமல் ஒரு பெயரையும் வெளியே சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டோம். பிழை திருத்தம் கேட்டு அலுவலகத்துக்கு எழுதினோம், திருத்தப்பட்டது. இல்லாவிட்டால், ஏழு ஆண்டு கழித்து அவர் மறுபடி விண்ணப்பிக்கும்போது இந்த எண்தான் அவர் காலைச் சுற்றியிருக்கும்.

பெயரை வெளியிடுவதில் தனிமனிதர் உரிமை குறுக்கே வருமா என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேளாண் மானியம் பெற்றோர் பெயர்களை இணையத்தில் வெளியிடுவதை எதிர்த்து ஜெர்மனியின் ஹெஸ்ஸன் மாநில விவசாயிகள் வழக்குத் தொடுக்க, 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம், தொகையையோ காலத்தையோ பார்க்காமல் எல்லாத் தனிமனிதர் பெயரையும் ஒரேபோல வெளியிடுவது அளவுக்கு மீறியது என்று தீர்ப்பளித்தது. வெளியிடுவதை அங்கே கைவிடவில்லை. 2013இல் விதியை மாற்றி, மிகச் சிறிய தொகை பெறுவோரின் பெயரை மறைத்து மற்றவர்களை வெளியிட்டார்கள். இது நியாயமான ஏற்பாடு என்றே நினைக்கிறேன். தார்ப்பாய் வாங்கியவர் பெயரும் பல லட்சம் ரூபாய் இயந்திரம் வாங்கியவர் பெயரும் ஒரே தட்டில் வைக்க வேண்டியவை இல்லை. நம் நாட்டிலும் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவை மாற்றியது. அந்த மாற்றம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இனித் தனிநபர் விவரம் என்ற ஒரு காரணத்தைக் காட்டி மறுப்பது அலுவலகங்களுக்கு எளிது. ஆனால் மேலே சொன்ன 4(1)(பி) பிரிவு அப்படியே இருக்கிறது. பொதுநலன் பெரிதானால் வெளியிடலாம் என்ற 8(2) பிரிவும் இருக்கிறது. இனி எழுதும் மனுக்களில் இந்த இரண்டையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

குத்தகை விவசாயிகள் விஷயத்தில் மட்டும் எந்தப் பட்டியலும் எங்களுக்கு முழுதாகக் கைகொடுக்கவில்லை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்து, பெண்ணையாற்று வெள்ளமும் சேர்ந்து வந்தபோது, 33 சதவீதத்துக்குமேல் சேதமடைந்த நெல் முதலிய இறவைப் பயிர்களுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாயும், மானாவாரிக்கு 8,500 ரூபாயும், பல்லாண்டுப் பயிர்களுக்கு 22,500 ரூபாயும் அரசு அறிவித்தது. ஏக்கருக்குக் கணக்கிட்டால் நெல்லுக்கு ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கணக்கெடுப்புப் பட்டியலில் பல வயல்களுக்குச் சென்னையில் குடியிருக்கும் நில உரிமையாளர் பெயர் இருந்தது. சேற்றில் அழுகிய நாற்றை அள்ளிப் போட்டவர் பெயர் இல்லை. கிசான் திட்டத்தில் குத்தகைதாரருக்கு இடமே இல்லை என்பதால் அங்கே கேட்பதற்கும் வழியில்லை. நிவாரணத்தில் வழி உண்டு: அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் என்ன என்று கணக்கெடுப்பின்போதே கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டு, அது தவறென்றால் பணம் வருவதற்கு முன் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்க வேண்டும். பணம் ஏறிய பிறகு அதைத் திருப்பி வாங்கிக் கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. 1969ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி தன் பெயரைப் பதிவு செய்துகொண்ட குத்தகைதாரர் எங்கள் பக்கத்தில் அபூர்வம்; பதிவு செய்யப் போனால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடைக்காது என்ற பயம் அவர்களுக்கு. அந்தப் பயம் பொய்யும் இல்லை.

பட்டியலை ஊரறியச் செய்ய இருக்கும் முறையான இடம் கிராம சபைதான். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் அது கூடுகிறது. கூட்டத்துக்குச் சில நாள் முன்பே எழுத்தில் மனுக் கொடுத்து, அந்தந்தத் துறையின் பயனாளிகள் பட்டியலை வாசிக்கப் பொருள்நிரலில் சேர்க்கக் கேட்க வேண்டும். கூட்டத்தில் எழுந்து நின்று திடீரென்று கேட்டால், பட்டியல் கொண்டு வரவில்லை என்று உதவி வேளாண்மை அலுவலர் சொல்வதை மறுக்க முடியாது. எங்கள் ஊரில் அப்படி ஒரு முறை பட்டியல் வாசிக்கப்பட்டபோது, தனக்குத் தெளிப்பான் வந்ததாக எழுதியிருப்பதை முதன்முதலாகக் கேட்ட ஒருவர், "எனக்கா? எப்பங்க?" என்று எழுந்து நின்றார். அடுத்த வாரமே தெளிப்பான் அவர் வீட்டுக்கு வந்துவிட்டது. எங்கே இருந்தது, இடையில் யாரிடம் இருந்தது என்று அலுவலகம் சொல்லவில்லை; தெளிப்பான் புதியதாக இருந்ததால் அவரும் கேட்கவில்லை. நாங்கள் கேட்டு மனுப் போட்டிருக்கிறோம்.

ராஜஸ்தானில் 2019இல் தொடங்கிய ஜன் சூச்சனா இணையதளத்தில் பல துறைகளின் பயனாளிகள் விவரம், மனு எதுவும் போடாமலே ஊர்வாரியாகக் கிடைக்கிறது. அதைப்போல, வேளாண்மைத் துறையின் மூன்று பிரிவுகளின் மானியப் பட்டியலையும் வருவாய்க் கிராமவாரியாக, அனுமதித்த அலுவலரின் பதவிப் பெயருடனும் நிலுவையிலுள்ள விண்ணப்பங்களின் மூப்பு வரிசையுடனும் ஒன்றிய அலுவலக அறிவிப்புப் பலகையிலாவது ஒட்ட வேண்டும் என்பதே மாவட்ட அளவிலான விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்தில் நாங்கள் இப்போது கொடுத்துவரும் மனு. இதே மனுவை உங்கள் வட்டத்திலிருந்தும் கொடுப்பதானால், பட்டியலோடு மூப்பு வரிசையையும் மறக்காமல் கேளுங்கள். அது இல்லாத பட்டியலில் பெற்றவர் பெயர் தெரியும், வரிசையில் முன்னால் நின்றும் கிடைக்காமல் போனவர் பெயர் தெரியாது.